போன வாரம்கூடப் பேசினேன்

பஸ் இன்னும் கிளம்பவில்லை. நடனசபாபதியின் கட்டைவிரல் மட்டும் கிளம்பிவிட்டது. சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, திரையைத் திறந்து, இரண்டாவது வரிசையில் மூன்றாவது இடத்தை அழுத்தியும் விட்டது. அங்கே இப்போது கால்குலேட்டர் இருந்தது. பத்தொன்பது நாளாக அங்கே கால்குலேட்டர்தான் இருக்கிறது, பத்தொன்பது நாளாக அந்த விரலுக்கு அது புரியவும் இல்லை. ஃபேஸ்புக்கை எடுத்துவிட்டேன் என்று தலைக்குத் தெரிகிறது, கைக்குத் தெரியவில்லை. தலையிலிருந்து கைக்குச் செய்தி போக இத்தனை நாளா ஆகும்? சபாபதிக்கு இதில் வருத்தத்தைவிட வேடிக்கைதான் அதிகம். அறுபத்தொரு வருடம் கூடவே இருந்த விரல், தனக்கென்று ஒரு குடித்தனம் நடத்தியிருக்கிறதே என்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கத்து சீட்டுக்காரர், இந்த ஆளுக்கு விரலில் ஏதோ சுளுக்கு என்று நினைத்திருக்க வேண்டும், கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். மடியில் ஒரு பை சாத்துக்குடி. சத்திரம் பஸ் நிலையத்து வாசலில் வாங்கியது. ஆப்பிளா சாத்துக்குடியா என்று கால் மணி நேரம் நின்றதில் பூக்கடைக்காரம்மா, "மாலை கட்டித் தரட்டுமா சார், ரோஜா இருக்கு" என்று கேட்டுவிட்டாள். சபாபதிக்குத் தூக்கிவாரிப்போட்டது. வேண்டாம்மா, மாலையெல்லாம் ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டது என்று சொல்ல வாயெடுத்து, வாயை மூடிக்கொண்டு சாத்துக்குடி வாங்கினார். தான் சாகடித்த ஆளைப் பார்க்கப் போகும்போது என்ன வாங்கிக்கொண்டு போவது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. லால்குடி, லால்குடி, லால்குடி என்று கண்டக்டர் மூன்று தரம் கத்தினார், வண்டி நகர்ந்தது.

என்ன கேட்கப் போகிறான்? அதுதான் முந்தாநாள் சாயங்காலத்திலிருந்து மண்டையைக் குடைகிறது. பிலோமினாதான் போன் பண்ணினாள். அற்புதராஜின் மனைவி. முதல் தடவை, பத்தொன்பது நாளைக்கு முன்னால் அவள் கூப்பிட்டபோது நம்பர்கூட இவரிடம் இல்லை. "அண்ணே, அவரு உசுரோடதான் இருக்காரு. நீங்க போட்டதை எடுத்துருங்க," அவ்வளவுதான், வைத்துவிட்டாள். அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம், வெறும் களைப்புதான் இருந்தது. முந்தாநாள் கூப்பிட்டபோது கொஞ்சம் தெளிவாக இருந்தாள். "அண்ணே, அவரு உங்களைப் பாக்கணுங்கிறாரு. ஏதோ கேக்கணுமாம்." "என்ன கேக்கணுமாம்மா?" "அதை எங்கிட்டச் சொல்லலண்ணே. நேர்லதான் கேப்பாராம்." நேரில் கேட்க என்ன இருக்கிறது? ஏன்டா என்னைக் கொன்னே என்று கேட்பானா? அதற்குப் பதில் இருக்கிறது. பழைய ஆபீஸ்காரர்கள் வாட்ஸப் குழுவில், மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவனை, அரைகுறையாகக் கேட்ட ஒருத்தர், 'இறந்துவிட்டார்' என்று போட்டார், இவர் நம்பினார். ஒரு போன் போட்டு உறுதி செய்துகொண்டிருக்கலாமே என்று கேட்டால்? அதற்குத்தான் பதில் இல்லை. உறுதி செய்கிற நேரத்தில் வேறு யாராவது முந்திவிடுவார்கள் என்பது பதிலாகுமா? ஆனால் உண்மை அதுதான். அஞ்சலியில் முதலில் போடுகிறவன் பக்கத்தில்தான் எல்லோரும் வந்து அழுவார்கள், இரண்டாவதாகப் போடுகிறவனைச் சீந்த மாட்டார்கள். பதினோரு நிமிடம். செய்தி வந்ததற்கும் இவர் போட்டதற்கும் நடுவில் பதினோரு நிமிடம்தான், அதில் நாலு நிமிடம் பழைய குரூப் போட்டோவிலிருந்து அவன் தலையை மட்டும் வெட்டியெடுக்கப் போயிற்று. இரண்டரை மணி நேரம் அந்தப் பதிவு இருந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் இரங்கினார்கள். ஒருவர் இரங்கியதோடு நிற்காமல் ரோஜா மாலையோடு லால்குடி வீட்டுக்கே போய்விட்டார், கதவைத் திறந்தது அவன் மகள். அந்தப் பெண் மாலையைப் பார்த்ததும் என்ன செய்திருப்பாள் என்று யோசிக்கிற இடத்துக்கு வந்தால் மட்டும் சபாபதியின் மனம் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொள்ளும். இப்போதும் திரும்பிக்கொண்டது. ஜன்னலுக்கு வெளியே காவிரிப் பாலம் வந்துகொண்டிருந்தது.

நடுவாற்றில் மணல் திட்டு, அதில் ஒருத்தர் தன்னந்தனியாக நின்று வேட்டியைக் காற்றில் பிடித்து உலர்த்திக்கொண்டிருந்தார். சபாபதியின் தலைக்குள் உடனே வாக்கியம் கிளம்பிற்று: 'நதிக்கு நடுவே ஒரு மனிதர் காற்றை உடுத்திக்கொண்டிருக்கிறார்.' இருநூறு லைக் வரும். இந்தக் கணக்கும் நிற்கவில்லை, இதுவும் விரல் மாதிரிதான். பதினான்கு வருடமாக எதைப் பார்த்தாலும் பார்க்கிறபோதே வாக்கியமாகப் பார்த்துப் பழகிவிட்டது. மழை பெய்தால் ஒரு வரி, தோசை கருகினால் ஒரு வரி. முதல் வாரம் இந்த வரிகள் தொண்டையில் சிக்கின முள்ளாக உறுத்தின. போடுவதற்கு இடமில்லாமல் உள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தன. எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ ஒரு விசித்திரம் நடந்தது. பின்கட்டில் தகரத்தின்மேல் மழை விழுந்துகொண்டிருந்தது, இவர் கேட்டுக்கொண்டிருந்தார், வரி எதுவும் வரவில்லை. மழை மழையாகவே விழுந்துவிட்டுப் போயிற்று. இது என்ன புது வியாதி என்று பயந்து மனைவியிடம் சொல்லப் போனபோதுதான் அவள் முகத்தைப் பார்த்தார். கண்ணாடியின் சட்டம் கறுப்பாக இருந்தது. "எப்ப மாத்தினே?" "போன தீபாவளிக்கு முன்னாடி." இப்போது புரட்டாசி. அவள் சண்டைகூடப் போடவில்லை, "இன்னும் என்னென்ன மாத்தியிருக்கேன்னு ஒண்ணொண்ணாக் கண்டுபிடிங்க" என்று சிரித்தாள். அன்றிலிருந்து அதுவே வேலையாகிவிட்டது. வீட்டில் நாலு கடிகாரம் இருக்கிறது, ஒன்றுதான் ஓடுகிறது. எதிர்வீட்டுக்காரர் காலையில் கேட்டைத் திறப்பதற்கு முன்னால் ஒரு தரம் திரும்பி வீட்டைப் பார்ப்பார். ஏன் பார்க்கிறார்? யாரை? தெரியவில்லை. தெரியாமலே இருப்பதில் ஒரு ருசி இருக்கிறது. திரும்பிப் பார்த்தபோது மணல்திட்டு மறைந்துவிட்டிருந்தது, வேட்டி உலர்ந்ததா இல்லையா தெரியவில்லை.

இல்லை, அவன் கேட்கப் போவது பழைய ஆபீஸ் பரமசிவம் சாரைப் பற்றி. கண்டிப்பாக அதுதான். ஆறு வருடத்துக்கு முந்தி, மழையையும் குடையையும் வைத்து இவர் ஒரு வரி போட்டார். அறுநூறு பேர் ஆகா என்றார்கள், ஒரு கல்லூரிப் பேராசிரியர் பகிர்ந்தார். அற்புதராஜ் வந்து கீழே எழுதினான்: 'இது நம்ம பரமசிவம் சார் டீக்கடையில சொன்னதுல்லடா? ஹா ஹா.' அவன் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. மின்வாரியத்தில் பதினான்கு வருடம் எதிரெதிர் மேசை, அந்த உரிமையில் எழுதினான். பரமசிவம் சார் சொன்னதும் உண்மைதான். ஆனால் அந்த 'ஹா ஹா'வுக்குக் கீழே எண்பது பேர் வந்து ஹா ஹா என்றார்கள். சபாபதி அவனை பிளாக் செய்தார். மறுநாள் அவன் போன் செய்தான், எடுக்கவில்லை. மறுபடி, மறுபடி. மூன்று தரம் சத்தத்தை அமுக்கிவிட்டார். நாலாவது தரம் அடித்தபோது போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு, அவன் பெயர் திரையில் மின்னுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எத்தனை நேரம் அடிக்கும் என்று பார்க்கிற ஆசை. கொஞ்சம் குரூரமான ஆசைதான். நின்றது. அதற்குப் பிறகு அது அடிக்கவே இல்லை. நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்றிருந்தது, பொங்கலுக்குப் பேசலாம் என்றிருந்தது, அப்புறம் ஊர் மாற்றம், கொரோனா, ஓய்வு என்று ஆறு வருடம் ஓடியே போய்விட்டது. பக்கத்து சீட்டுக்காரர் போனில் ஏதோ ரீல்ஸ் சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. நாய்க்குட்டி, அடுத்தது கல்யாண நடனம், அடுத்தது யாரோ ஒருவர் படத்துக்குக் கீழே மெழுகுவர்த்தி. கட்டைவிரல் எதையும் அரை நொடிக்குமேல் விட்டுவைக்கவில்லை. அந்த விரலை சபாபதி உற்றுப் பார்த்தார். அது அந்த மனிதருடையது மாதிரியே இல்லை.

டோல்கேட் தாண்டி வண்டி லால்குடி சாலையில் திரும்பியது. அப்போதுதான், இத்தனை நேரம் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்த மனம் தான் தவிர்த்த இடத்திலேயே போய்க் குந்திக்கொண்டது. அந்த வரி. பதிவின் கடைசி வரி. 'போன வாரம்கூடப் பேசினேன். வழக்கம்போலச் சிரித்துச் சிரித்துப் பேசினார். இன்று இல்லை.' இதை யோசித்து எழுதினாரா? இல்லவே இல்லை. கை எழுதியது. இந்த வட்டாரத்தில் யார் போனாலும் முதலில் அஞ்சலி போடுகிறவர் சபாபதிதான், 'இரங்கல் சபா' என்று முதுகுக்குப் பின்னால் ஒரு பட்டமே உண்டு. முப்பத்தோரு பேருக்கு எழுதியிருக்கிறார். பண்பாளர், பழகுவதற்கு இனியவர், போன வாரம்கூடப் பேசினேன். இவர் மட்டுமா, எல்லோருமே அப்படித்தான் எழுதுகிறார்கள். செத்தவர்கள் எல்லோரும் போன வாரம் முழுக்க ஊரோடு போனில் பேசிவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். சிலரிடம் நிஜமாகவே பேசியிருந்தார், சிலரிடம் மாதக் கணக்கில் பேசியதில்லை, ஒருவரைக் கல்யாண வீட்டுப் பந்தியில் பார்த்ததோடு சரி. யாரும் எழுந்து வந்து, எப்போது பேசினாய் என்று கேட்டதில்லை. முப்பத்தோரு பேரில் ஒருத்தன்தான் எழுந்து உட்கார்ந்துகொண்டு, சபாவை வரச் சொல்லு, ஒன்று கேட்க வேண்டும் என்கிறான். அவனுக்குத் தெரியுமா? பதிவைத்தான் அழித்தாயிற்றே. ஆனால் எதுதான் அழிகிறது, எவனாவது படம் பிடித்து வைத்திருப்பான். ஆறு வருடம் என் போனை எடுக்காத நாய், செத்த பிறகு சிரித்துச் சிரித்துப் பேசினேன் என்று எழுதுகிறாயா? இப்படித்தான் கேட்பான். கேட்கட்டும். கேட்டுவிட்டுப் போடா வெளியே என்றால்? அப்புறம் இந்த ஜென்மத்தில் அற்புதராஜ் கிடையாது. நிஜமாகவே அவன் செத்ததற்குச் சமம்தான், இந்தத் தடவை இரங்கல்கூடத் தெரிவிக்க முடியாது.

தாளக்குடி போயிற்று, வாளாடி வந்தது. கதவோரம் ஒருத்தி கூடையில் எதையோ மூடிக்கொண்டு ஏறினாள், மல்லித்தழை வாசனை. மல்லித்தழை வாசனையா, அது துறையூர் போன அன்று அடித்த வாசனை. அப்பா இறந்த செய்தி ஆபீஸுக்கு வந்தது, மதியச் சாப்பாட்டு நேரம். அற்புதராஜ் ஒன்றும் பேசவில்லை. தன் டிபன் பாக்ஸை மூடினான், சபாபதியின் டிபன் பாக்ஸையும் மூடினான், இரண்டையும் ஒரே பையில் போட்டான், இவர் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினான். துறையூர் வரை ஒன்றரை மணி நேரம். ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. அவன் மடியிலிருந்த பையிலிருந்து மல்லித் துவையல் வாசனை வந்துகொண்டே இருந்தது. ஊர் நெருங்கும்போது மட்டும், "ரெண்டு வாய் சாப்பிட்டுரு சபா, அங்க போனா யாரும் உன்னைச் சாப்பிட விடமாட்டாங்க" என்றான். ஓடுகிற பஸ்ஸில், அவன் டப்பாவைப் பிடித்துக்கொள்ள, இவர் அழுதுகொண்டே சாப்பிட்டார். இதை ஏன் எழுதவில்லை? பதினோரு நிமிடத்தில் இது ஏன் நினைவுக்கு வரவில்லை? பண்பாளர் என்பது வந்தது, துவையல் வரவில்லை. சபாபதிக்கு இது நிஜமாகவே ஆச்சரியமாக இருந்தது. இத்தனை நாள் இது எங்கே இருந்தது, யார் இதன்மேல் என்னத்தைப் போட்டு மூடி வைத்திருந்தார்கள்? கண்ணில் நீர் வந்துவிட்டது. இதையும் ஒரு வரியாக்கலாமே என்று தலைக்குள் ஒரு மூலை மெதுவாகத் தலைதூக்கிற்று. சீ, கிட என்றார். வாய்விட்டே சொல்லிவிட்டார் போலிருக்கிறது. "என்னங்க?" என்றார் பக்கத்து சீட்டுக்காரர். "ஒண்ணுமில்ல, விரலைச் சொன்னேன்." மாந்துறையில் இறங்கித் திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் எழுந்தே விட்டார். கண்டக்டர், "லால்குடின்னு சீட்டு வாங்குனீங்களே, உக்காருங்க சார், இன்னும் இருக்கு" என்றதும் சொன்ன பேச்சுக் கேட்கிற பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி உட்கார்ந்துகொண்டார்.

வீடு மாறவில்லை. வாசலில் அதே நந்தியாவட்டை, கதவுக்கு மேல் அதே மாதா படம். பிலோமினா சாத்துக்குடியை வாங்கிக்கொண்டு, "வாங்கண்ணே" என்றாள், முகத்தில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. அற்புதராஜ் ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் இருந்தான். இளைத்திருந்தான். இடது கை மடியில், தனக்குச் சம்பந்தமில்லாத பொருள் மாதிரிக் கிடந்தது. மற்றபடி அவன்தான், அதே பெரிய காது. சபாபதி எதிரிலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எப்படியிருக்கே என்று கேட்பது ஒரு மாதிரி இருந்தது.

"உக்காருடா சபா," என்றான் அவன். நாக்கு கொஞ்சம் இழுத்தது. "பிலோ, நீ போய் காபி போடு. நாங்க பேசணும்."

அவள் உள்ளே போகும் வரை காத்திருந்தான். மேசைமேல் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது, அதை வலது கையால் இவர் பக்கம் தள்ளினான். பக்கம் பக்கமாகக் கோணல் எழுத்து. ஆபீஸில் இருந்தவர்கள் பெயர், மகள் பிறந்த தேதி, பரமசிவம் சார் டீக்கடையில் உட்கார்கிற இடம், சத்திரத்திலிருந்து லால்குடி வரைக்கும் ஒவ்வொரு ஸ்டாப்.

"டாக்டர் ஒண்ணு சொன்னாரு. சிலதெல்லாம் மறந்து போயிருக்கலாம், எது போச்சுன்னு நமக்கே தெரியாதுன்னாரு. அன்னியிலிருந்து தினம் உக்காந்து எழுதிப் பாக்குறேன். எல்லாம் வந்துருச்சுடா. ஒண்ணே ஒண்ணுதான் வரல." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "நீ எழுதினதை யாரோ படம் புடிச்சு மகளுக்கு அனுப்பியிருந்தாங்க, அவ போன்ல படிச்சேன். போன வாரம்கூடப் பேசினேன்னு போட்டிருந்தே."

சபாபதி நோட்டின் கோணல் எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ என்கூடப் பேசறதில்லங்கறது ஞாபகம் இருக்கு. ஆறு வருஷம். அது நல்லா ஞாபகம் இருக்கு. ஆனா சாவுல யாரும் பொய் எழுத மாட்டாங்கல்ல, அப்ப நாம பேசியிருக்கணும். போன்ல பாக்கலாம்னா, நான் விழுந்தப்ப அது உடைஞ்சு போச்சு. எவ்வளவோ யோசிச்சுப் பாத்துட்டேன்டா சபா. ஒரு வார்த்தைகூட வரல." அவன் கண் இவர் முகத்தை விட்டு நகரவில்லை. "இத்தனை நாளைக்கப்புறம் நீ பேசினதே எனக்கு மறந்துபோச்சுன்னா, இன்னும் என்னென்ன போச்சோன்னு பயமா இருக்கு. பிலோகிட்டச் சொல்லல, அழுவா. நீ சொல்லு. என்ன பேசினோம்?"

சொல்லலாம். எத்தனை சுலபம். பழைய ஆபீஸைப் பற்றிப் பேசினோம், பரமசிவம் சாரைப் பற்றிப் பேசினோம், நான் மன்னிப்புக் கேட்டேன், நீ விடுடா என்றாய், சிரித்தாய். வாக்கியங்கள் வரிசையாக வந்து நின்றன, பத்தொன்பது நாள் பட்டினி கிடந்தவை. ஒவ்வொன்றும் அழகாக இருந்தது. அவனும் சந்தோஷப்படுவான், அந்த நோட்டில் கோணல் எழுத்தில் எழுதியும் வைத்துக்கொள்வான். அப்புறம் சாகிற வரைக்கும், இது எனக்கு ஏன் நினைவில்லை என்று யோசித்துக்கொண்டே கிடப்பான். சபாபதி அவனுடைய இடது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். அது லேசாகச் சில்லென்று இருந்தது.

"பேசலடா," என்றார்.

"என்னது?"

"நாம பேசவே இல்ல. நான் பொய் எழுதினேன். நீ போன் பண்ணினே, நாலு தரம். நாலாவது தரம் நான் கையிலயே வெச்சுக்கிட்டுப் பாத்துக்கிட்டு இருந்தேன், எடுக்கல. அதுக்கப்புறம் பேசவே இல்ல."

அற்புதராஜ் இவரையே பார்த்தான். அவன் முகத்தில் என்ன வருகிறது என்று சபாபதியும் பார்த்துக்கொண்டே இருந்தார். பயத்தையும் மீறி, அவருக்கு அதைப் பார்க்க வேண்டியிருந்தது. வாயின் ஒரு பக்கம் மட்டும் முதலில் அசைந்தது, பிறகு நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றாக விட்டது, பிறகு பெரிய காது இரண்டும் மேலே ஏறுகிற அவனுடைய அந்தப் பழைய சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல், கண்ணில் நீர் முட்ட, நாற்காலியே ஆடும்படி சிரித்தான்.

"அப்பாடா," என்றான். அப்புறம் சமையலறைப் பக்கம் திரும்பி, இழுக்கிற நாக்கோடு, தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்தினான்.

"பிலோ! கேட்டியா? நான் ஒண்ணும் மறக்கலடி. இவன்தான் பேசல!"